லீவு நாளில் ஒரு விசில்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் குட்டிப்பெண் வாலுவும் நலமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லையே. அத்தான் இறந்த செய்தி போனில் வந்ததிலிருந்து அந்த மணிச்சத்தமே உனக்கு ஆகவில்லை என்கிறாய். சரி. ஆனால் உன்னால் நான் தபால் தலை வாங்க வரிசையில் நிற்கிறேன். கவுண்டரில் இருப்பவர், "காதலியா தம்பி?" என்றார். "அக்கா" என்றேன். அவர் நம்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

அத்தான் இறந்தபோது உனக்காக நாங்கள் திரட்டிய நன்கொடையில் சிக்கல். எங்கள் லிஃப்ட் கம்பெனித் தொழிலாளர் நலச் சங்கத்துக்கு வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சங்கம் பதிவு பெற்ற தர்ம நிறுவனம். அதற்குக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிவிலக்கு உண்டு. ரசீதிலும் அப்படித்தான் போட்டோம். கொடுத்தவர்கள் பலரும் அந்த ரசீதைக் காட்டி வரியைக் குறைத்துக்கொண்டார்கள். இப்போது அலுவலகம் சொல்கிறது: பொதுவாக நோயாளிகளுக்கு, ஏழைகளுக்கு என்று திரட்டினால் அது தர்மம். பேர் சொல்லி ஒரே ஒரு குடும்பத்துக்குத் திரட்டினால் அது அன்பளிப்பு. அன்பளிப்புக்கு விலக்கு கிடையாது.

தப்பு என்னுடையது. நன்கொடைப் பக்கத்தை வடிவமைத்தவன் நான்தான். சங்கப் பொருளாளர் அப்போதே, "காவலர் குடும்ப நல நிதின்னு பொதுவா போடுப்பா" என்றார். ஒரு காசு வேறு பக்கம் போகக் கூடாது என்று நான்தான் உன் பேரையும் வாலுவின் படத்தையும் கொட்டை எழுத்தில் போட்டேன்.

பயப்படாதே. வழி இருக்கிறது. பணியின்போது உயிரிழந்த காவலரின் குடும்பத்துக்கு மட்டும் சட்டத்தில் தனி விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். பேர் சொல்லித் திரட்டியிருந்தாலும் அது தர்மம்தான். கொடுத்தவருக்கும் வரி இல்லை, வாங்கிய உனக்கும் இல்லை. அத்தான் பணியில் இருந்தபோது இறந்தார் என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். சிக்னல் செத்துப்போன சந்திப்பில், கொட்டுகிற மழையில், வண்டிகளைக் கைகாட்டி அனுப்பிக்கொண்டு நின்றவர்மேல் லாரி ஏறியது. இதற்கு மேல் என்ன பணி வேண்டும்? போய் வாங்கி அனுப்பு. அரை நாள் வேலை.

கிடைக்காவிட்டால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். கொடுத்தவர்கள் அபராதத்தோடு வரி கட்ட வேண்டும். சங்கத்தின் பதிவு போகும். சங்கம் உன்னிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். அதை வைத்துத்தான் நீ வீட்டுக் கடனை அடைத்தாய். ஆக, வீடு போகும். அவ்வளவு தூரம் வராது. தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

வாலுவை லிஃப்ட் படம் வரையச் சொன்னேனே, என்ன ஆயிற்று?

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், "எப்படி இருக்கிறாய்" என்று கேட்க மட்டும் உனக்கு மை தீர்ந்துவிட்டது. பரவாயில்லை, நீயாக நினைத்துக்கொண்டது சரிதான். இருக்கிறோம்.

வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். லிஃப்ட் படம் இத்துடன் வருகிறது. உள்ளே நிற்பது நீயாம். தலை ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டேன். "மாமாவுக்கு உள்ள நிறைய கோவம் இருக்குல்ல" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை வந்திருந்தார். அத்தானோடு ஸ்டேஷனில் வேலை பார்த்தவர், உனக்குத் தெரியும். இந்த வீட்டு நிலைப்படியில் தலையை இடிக்காமல் அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. மொட்டைமாடித் தொட்டியில் மிதவையை மாற்றிக் கொடுத்தார். போன வாரம் கொல்லைத் தாழ்ப்பாள். அதற்கு முந்தின வாரம் ஹால் சுவிட்ச். டீ கொடுத்தால் பாதி குடித்துவிட்டு ஓடிவிடுகிறார்.

நீ கேட்ட சான்றிதழ் கிடைக்காது. அத்தானுக்கு அன்று லீவு. ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டரிடம் நானேதான் சொன்னேன். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், சிக்னல் வேலை செய்யாததைப் பார்த்து இறங்கி நின்றுவிட்டார். அவர் சுபாவம் உனக்குத் தெரியாதா? ஸ்டேஷன் பதிவிலும் அப்படியே இருக்கிறது. லீவில் இருந்தவருக்கு எப்படிப் பணிச் சான்றிதழ் கொடுப்பார்கள்?

இதற்காக நீ அலைய வேண்டாம். பென்ஷன் எப்படியும் வருகிறது. வீட்டை விற்றுச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போய்விடுகிறோம். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த பணத்தால் அவர்களுக்கே கஷ்டம் வந்தது என்று இருக்கக் கூடாது. வாலுவிடம் இன்னும் சொல்லவில்லை. சுவரில் தன் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறாள், அதைத்தான் எப்படி எடுத்துப்போவது என்று தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு லீவு போட்டு வரி அலுவலகத்துக்கே போனேன். இரண்டாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, அது வேறு எரிச்சல். இந்தக் கோப்பைப் பார்ப்பது கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியம்மா. நான் குரலை உயர்த்தினேன்.

"போலீஸ்காரர் செத்திருக்காரு மேடம். அவர் பொண்டாட்டி புள்ளைக்குக் குடுத்தது தர்மம் இல்லன்னா வேற எதுதான் தர்மம்?"

"மனசுக்குத் தர்மம்தான் தம்பி. சட்டத்துக்கு அன்பளிப்பு. பேர் போட்டு வசூல் பண்ணா அப்படித்தான். இல்லன்னா அவனவன் தன் மச்சான் பேருக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சுடுவான்."

"நான் அவரோட மச்சினன்தான்."

"பாத்தீங்களா!" என்று சிரித்துவிட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மட்டும் ஆசையா? அந்த விதிவிலக்கே இதுக்காகத்தான் கொண்டுவந்தாங்க. ட்யூட்டில இருந்தார்னு ஒரு பேப்பர் குடுங்க. அன்னிக்கே கோப்பை மூடிடறேன். ஏப்ரல் கடைசி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

மனுஷி நியாயமானவர். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். இறங்கும்போது ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் அத்தானின் பொருள்களை ஒரு பையில் போட்டு என்னிடம்தான் கொடுத்தார்கள். நீ பார்க்கும் நிலையில் இல்லை. நான்தான் அதைக் கொண்டுவந்து உன் அலமாரிக்கு மேல் வைத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மழைக்கோட்டு. அதற்குள் சுருட்டி வைத்த காக்கிச் சட்டை, பெல்ட். பூட்ஸ். கயிறு கட்டிய விசில்.

மழைக்கோட்டு மேலே இருந்ததால் அன்று வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். லீவு நாளில் மார்க்கெட்டுக்கு விசில் கொண்டுபோகிறவர் யார் அக்கா? லீவு என்றால் அத்தான் கிழிந்த பனியனோடு வாசலைத் தாண்ட மாட்டாரே!

நீ பொய் சொல்கிறாய். யாருக்காக என்று மட்டும் சொல்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அங்கிருந்தும் முறைக்கிறது, உன்னைப் போலவே.

சொல்கிறேன். சொன்னபிறகு நீ குதிக்கக் கூடாது.

அன்று லீவு என்பது பொய் இல்லை. பட்டியலில் அத்தானுக்கு லீவுதான். அந்தச் சந்திப்பில் நிற்க வேண்டியவர் நெட்டை. அந்த ஸ்டேஷனில் ட்யூட்டியை வாய்வார்த்தையிலேயே மாற்றிக்கொள்வார்கள். ஒருவருக்கு வீட்டில் வேலை என்றால் இன்னொருவர் போய் நிற்பார், அடுத்த வாரம் இவருக்காக அவர் நிற்பார். யாரும் யாரிடமும் எழுதிக் கேட்பதில்லை. இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், தெரியாததுபோல இருப்பார். நீ வாலுவின் பிறந்தநாளுக்கு வந்தபோது அத்தான் வீட்டில் இருந்தாரே, அன்று அவருக்காக நெட்டைதான் நின்றார்.

அன்று நெட்டை வீடு மாறுகிற நாள். காலையில் அத்தான் பூட்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவனே ஒரு பீரோ மாதிரி இருக்கான், அவன் இன்னொரு பீரோவைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறணும். பாவம். நான் போய் நின்னுட்டு வந்துடறேன்." அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்னால் நெட்டை வந்துவிட்டார். சட்டையெல்லாம் பழைய வீட்டுத் தூசி. சுவரோரம் நின்றார். இன்ஸ்பெக்டர் கேட்டார், "இன்னிக்கு அங்க யாரு ட்யூட்டி?" என்று. நெட்டை வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அவருக்கு லீவு சார். மார்க்கெட்டுக்குப் போனவர் வழியில நின்னுட்டார்." எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு வீடு அன்று போயிற்று, இன்னொரு வீடும் போக வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. ட்யூட்டிக்கு வராமல் இருந்ததால் ஒரு உயிர் போயிற்று என்று எழுதினால் அவரை வேலையில் வைத்திருப்பார்களா? கைக்குழந்தைக்காரர்.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கும் அதுதான் வசதி.

இப்போது போய், "நான் சொன்னது பொய், வேலைக்கு வராதவர் இவர்தான்" என்று நானே கைநீட்டுவதா? என்னால் ஆகாது. நீயும் அவரிடம் போகக் கூடாது. இது அத்தான்மேல் ஆணை என்று எழுத வந்தேன், வேண்டாம், அக்கா சொல்கிறேன் என்றால் போதும் உனக்கு.

வீட்டைப் பார்க்க ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

குதித்தேன். குதித்து முடித்தாயிற்று. நெட்டையிடம் போகவில்லை, போகவும் மாட்டேன். நீ சொன்னால் போதும் என்பது உண்மைதான், அதுதான் என் தலைவிதி.

ஆனால் ஒன்றைப் படி. நான் மெஷின்காரன். எதுவும் காரணமில்லாமல் கெடாது என்பது எனக்குத் தெரியும். மிதவை ஐந்து வருஷம் தாங்கும். தாழ்ப்பாள் தேய்வதற்கு மனுஷ ஆயுள் வேண்டும். சுவிட்ச், தாழ்ப்பாள், மிதவை என்று வாரம் ஒன்றாகக் கெடுகிற வீடு உலகத்தில் எங்கும் கிடையாது. அந்த வீட்டுக்கு வயரிங் நான்தான் போட்டேன், ஹால் சுவிட்சுக்கு ஒரு கேடும் இல்லை.

அவர் ரிப்பேருக்கு வரவில்லை அக்கா. சொல்ல வருகிறார். நீ டீயைக் கொடுத்து வாயை அடைக்கிறாய்.

அவரைக் காப்பாற்றியதாக நீ நினைக்கிறாய். எங்கள் தொழிலில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவரிடம் முதலில் பேச வேண்டும் என்பார்கள். கதவைத் திறப்பது அப்புறம். வெளியே ஆள் இருக்கிறது என்று தெரியாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். நீ நல்ல எண்ணத்தில்தான் அவரை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறாய்.

காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. கேள். ஒரே ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துக் கேள். "முடியாது" என்று அவர் சொன்னால் வீட்டை விற்றுவிடு. பீரோ தூக்க நானே வருகிறேன், அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன்.

வீடு பார்க்க வருகிறவரை அடுத்த மாதம் வரச் சொல்.

தம்பி

பி.கு. வாலுவின் படத்தை ஒர்க்‌ஷாப்பில் ஒட்டியிருக்கிறேன். தலை சரியான அளவில்தான் இருக்கிறது என்கிறார்கள்.


மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நெட்டை வந்தார். வழக்கம்போலத் தலையை இடித்துக்கொண்டார். சமையலறை அலமாரிக் கதவு தொங்குகிறது என்று அவராகவே ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நான் சொல்லவே இல்லை. வாலு பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா, அது நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

"அதைக் கீழ வைங்க."

"இன்னும் ஒரு ஸ்க்ரூதான் அண்ணி."

"கதவு நல்லா இருக்கு. ஹால் சுவிட்சும் நல்லாத்தான் இருந்துச்சாம், என் தம்பி சொல்றான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டா நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

வரி, சங்கம், வீடு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று யார் ட்யூட்டி என்று ஊருக்குச் சொல்லாமல் இது தீராது என்றும் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த உயரத்துக்கு உட்கார்ந்தால் சமையலறையில் வேறு யாருக்கும் இடமில்லை. பெரிய மூச்சு ஒன்று விட்டார், அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"அண்ணி, இதைச் சொல்லத்தான் வாரா வாரம் வர்றேன். தெருமுனை வரைக்கும் சரியா இருக்கும். கதவு திறந்ததும் நீங்க சிரிச்சுட்டு டீ போடப் போயிடுவீங்க. கையில ஏதாவது வேலை இருந்தா பேச்சு வந்துடும்னு பாத்தேன். அதுவும் வரல."

"அப்புறம் ஏன்யா அன்னிக்கே சொல்லல?"

"நீங்கதான லீவுன்னு சொல்லிட்டீங்க. புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவங்க சொன்னதை, அது பொய்னு நான் எந்த வாயால சொல்றது? உங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

"காரணமா? உங்களுக்காகத்தானய்யா சொன்னேன்!"

"உங்களுக்காகத்தான் அண்ணி நானும் சும்மா இருந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம் தம்பி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை மாதத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன், பாதியில் அழுகையாகவும் ஆயிற்று. அவருக்கும் அப்படியே. அத்தான் இருந்திருந்தால், "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மூளைதான் இருக்கு, அதையும் ட்யூட்டி மாத்திக்கிறீங்க" என்றிருப்பார்.

டீயை முழுதாகக் குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை நெட்டை இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தனியாகப் போகலாம் என்றுதான் கிளம்பினாராம். திரும்பிப் பார்த்தால் பின்னால் பாதி ஸ்டேஷன் நிற்கிறது. "நாங்களும் மாத்திப்போம் சார், எங்க பேரையும் எழுதிக்குங்க" என்றார்களாம். இன்ஸ்பெக்டர், "எல்லாரும் ஒப்புக்கிட்டா நான் யாரைய்யா விசாரிக்கிறது? என்னையா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாராம். மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். நானும் போய் ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அலமாரிக்கு மேலே இருந்த பையையும் கொண்டுபோக வேண்டும்.

நெட்டைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் போகவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? பழகிவிட்டேன் பார்த்தாயா?

சான்றிதழ் சங்கத்துக்கு வந்துவிட்டது. "பணியின்போது உயிரிழந்தார்." பட்டியலில் பேர் யாருடையது என்பது முக்கியமில்லை, அந்த இடத்தில் காவல் பணியைச் செய்துகொண்டிருந்தவர் அவர்தான் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பூட்ஸையும் விசிலையும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். அதிகாரியம்மா முழுதாகப் படித்தார். எனக்குப் பொறுமையில்லை, மேசையில் விரலைத் தட்டினேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், நிறுத்திவிட்டேன். அப்புறம் முத்திரையைக் குத்தினார். "கொடுத்தவங்களுக்கு விலக்கு செல்லும். உங்க அக்காவுக்கு வரி இல்ல. சங்கத்துக்கும் ஒண்ணும் இல்ல. போய்ட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு 'டப்' சத்தம். அப்படி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை அக்கா.

வாசல் வரைக்கும் போனவனைக் கூப்பிட்டார். "நானும் உங்க நன்கொடைப் பக்கத்துல கொஞ்சம் குடுத்தேன் தம்பி. ஆனா கோப்பு என் மேசைக்கு வந்தப்புறம் விலக்கு கேக்கல. அழகாயிருக்காது" என்றார். "உங்க லிஃப்டை நான் சரி பண்ணித் தர்றேன்" என்று வாயில் வந்துவிட்டது. சனிக்கிழமை போய்ச் சரிபண்ணிவிட்டேன். காசு வாங்கவில்லை. அதற்கு வரி உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

பொருளாளர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "இனிமேலாவது பெரியவங்க சொன்னா கேளு" என்றார். கேட்பதாகச் சொன்னேன்.

வீடு உன்னுடையது. கோடு சுவரிலேயே இருக்கட்டும்.

நெட்டை செய்தி என்ன? அதை எழுது.

தம்பி


ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன், அப்புறம் வாலுவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு 'டப்' மட்டும்தான் பிடித்திருந்தது.

நெட்டைக்கு வேலை போகவில்லை. ஒரு வருஷ சம்பள உயர்வை நிறுத்தியிருக்கிறார்கள். "அவ்வளவுதானா அண்ணி?" என்று என்னிடமே கேட்கிறார், குறைவாகத் தந்துவிட்டார்கள் என்பதுபோல. இன்ஸ்பெக்டருக்கும் ஒரு எச்சரிக்கையாம். இப்போது ஸ்டேஷன் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். யாருக்குப் பதில் யார் என்று அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். முதல்நாளே எழுத இடமில்லாமல் போயிற்றாம்.

போன ஞாயிறு மனைவி, குழந்தையோடு வந்தார். ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அத்தானைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசினார். அன்று செய்தி கேட்டதும் பீரோவை இரண்டாம் மாடித் திருப்பத்தில் வைத்துவிட்டு ஓடினவர்தானாம், அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறதாம். ஏறுகிறவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போகிறார்கள். "இந்த வாரம் மேல ஏத்திடறேன் அண்ணி" என்றார். தூக்க உன்னை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வேடிக்கையைக் கேள், நேற்றிலிருந்து நிஜமாகவே சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

விசாரணை முடிந்து பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி மேலே வைக்கவில்லை. சட்டையைத் துவைத்து மடித்தேன். விசில் வாலுவிடம். வாசலில் நின்று பால்காரரையும் தபால்காரரையும் நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறாள். தெருவே காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. ஒருவரும் அதை அவளிடமிருந்து வாங்கி வைக்கும்படி என்னிடம் சொல்லவில்லை.

இவ்வளவு சத்தத்தைக் கேட்ட காதுக்கு அந்த மணிச்சத்தம் என்ன செய்துவிடப் போகிறது? ஞாயிறு காலை போன் செய்கிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடு, அதற்கு மேல் எனக்குத் தைரியம் தாங்காது. எடுத்ததும் வரியைப் பற்றி ஆரம்பிக்காதே. எப்படி இருக்கிறாய் என்று கேள். பதில் வைத்திருக்கிறேன்.

அக்கா